தாடி வைத்தவன்

யாஷ் நகரக் கல்லூரி. முதலாண்டு உளவியல் வகுப்புக்குள் ஒருவன் பாய்ந்து வந்து, பேராசிரியை லவினியாவின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

மாணவர்கள் துரத்த எழுந்தார்கள்.

"உக்காருங்க. பாஸ்போர்ட், வீட்டுச் சாவி எல்லாம் அதுலதான் இருக்கு, எங்கயும் போயிடாது. நான் ஏற்பாடு பண்ண ஆளுதான். எப்படி இருந்தான், சொல்லுங்க."

"மொட்டத் தல!"

"இல்ல, தொப்பி!"

"அவ்வளவு பெரிய தாடி யார் கண்ணுலயும் படலையா?"

"தாடியே இல்ல மேடம்," என்றாள் முன்வரிசை ரோடிகா.

"என் அசிஸ்டென்ட் சிப்ரியனுக்குத் தாடி இருக்கறது எனக்குத் தெரியாதாம்மா? மனசு எதை எதிர்பார்க்குதோ, அதத்தான் கண்ணு பாக்கும். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள்.

கதவு திறந்தது. மார்பு வரை தாடியோடு ஒருவன் மூச்சிரைக்க நின்றான்.

"மன்னிச்சிடுங்க மேடம், டிராம் நின்னுபோச்சு. பைய இப்பப் பிடுங்கட்டுமா?"