தகரம் அடைத்த வட்டம்

"செத்த ஏறிப் படு, ரத்தினம்" என்றார்.

எட்டு மாத வயிறு. காலையிலிருந்து கடலை உடைத்துவிட்டு என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொண்டுவந்திருக்கிறேன். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. இப்போது காரில் ஏறிப் படுக்க வேண்டுமாம்.

கலயத்தைக் கீழே வைத்தேன். சண்டை போடத் தெம்பில்லை.

மாட்டுக் கொட்டகையில்தான் அது நிற்கிறது. அரியலூரில் இருந்த வெள்ளைக்கார துரை சீமைக்குக் கப்பல் ஏறும் முன் இவர் தலையில் கட்டிவிட்டுப் போன திறந்த கார். மேலே துணிக் கூரை. வேண்டாமென்றால் மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். வந்தபோது அந்த மடிப்புக்குள் எலி குட்டி போட்டிருந்தது. காருக்கு இடம் விட்டு, மாடுகள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டன.

செந்துறையே சிரித்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, இவருக்கு மட்டும் துரையாகிற ஆசை விடவில்லை என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

அறுவடை முடிந்ததும் துருவைச் சுரண்ட உட்கார்ந்தவர், இன்னும் எழுந்தபாடில்லை. திருச்சிக்குப் போய்ப் பட்டாளத்துக் கூடாரத் துணி வாங்கிவந்து, கூரைக்கு என்னைத் தைக்கச் சொன்னார். கோணி ஊசி குத்திய விரல் குழம்பில் பட்டால் இன்றைக்கும் எரிகிறது.

தைத்துக் கொடுத்ததும், இனி மடிக்கவே முடியாதபடி அதைச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டார். மடிக்கிற கூரைதான் அந்தக் காருக்கே அழகு. அதையும் கெடுத்தாயிற்று.

ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையை அறுத்து எடுத்தார். அங்கிருந்து பின்னிருக்கை வரை பலகை போட்டார். கடலை மூட்டை ஏற்றப்போகிறார் என்று நினைத்தேன்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு கடிகாரம் இருந்தது. வந்த அன்றைக்கு அந்தக் காரில் ஓடிக்கொண்டிருந்த பொருள் அது ஒன்றுதான். அதையும் கழற்றிவிட்டு, ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார். கேட்டால், கெட்டுப்போச்சு என்றார். இவர் கை பட்டால் எதுதான் கெடாது என்று விட்டுவிட்டேன்.

பிடித்துக்கொண்டு ஏறிப் படுத்தேன்.

என் பாதம் முடிகிற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். அப்புறம் வெளியே போய் மட்கார்டில் இரண்டு கையையும் ஊன்றி வண்டியை அமுக்கி அமுக்கி விட்டார். வண்டி மெல்ல ஏறி இறங்கியது.

"குலுங்காம இருக்க, அடியில வில்லுப் பட்டையில ரெண்ட கழட்டிட்டேன். ஆட்டம் வயித்துல தெரியுதா?"

வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"தலமாட்டுல மருத்துவச்சி ஒக்காந்துக்கட்டும். மழை வந்தாலும் ஒழுவாது."

கூடாரத் துணியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூட்டைக்கு இல்லை. துரையாவதற்கும் இல்லை. இத்தனை மாதமாக இந்த மனிதர் எனக்குத்தான் படுக்கை செய்துகொண்டிருந்திருக்கிறார்.

சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"மாடு என்னங்க பண்ணுச்சு அன்னைக்கு? பூட்டுன வண்டி வாசல்லயேல்ல நின்னுச்சு?"

இதை ஒரு நாளும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எனக்குத் தாயில்லை. தலைப்பிரசவமும் இந்த வீட்டில்தான். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கத்தினாள். மாடு பூட்டியாகிவிட்டது. வைக்கோல் மேல் என்னைக் கிடத்தியும் ஆகிவிட்டது. இவர் வீட்டுக்குள் ஓடிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ராகு காலம், கொஞ்சம் பொறு என்றார். மறுபடி உள்ளே ஓடினார். மறுபடி வந்தார். மாடுகள் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றன.

என் நல்லதுக்குத்தான். அது எனக்குத் தெரியாதா?

நல்ல நேரம் பார்த்தே கிளம்பினோம். ஆண் பிள்ளை. அது அழவே இல்லை.

வண்டி ஆடுவது நின்றிருந்தது. அவர் மட்கார்டிலிருந்து கையை எடுக்காமல் குனிந்தபடியே இருந்தார்.

நான் மெல்ல இறங்கினேன். முந்தானையெல்லாம் கிரீஸ். துடைக்கத் துணி தேடி அவருடைய சாமான் பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனர்களுக்கு அடியில் பழைய வேட்டித் துண்டு ஒன்று சுருட்டிக் கிடந்தது. எடுத்தால் கனத்தது.

பிரித்தேன். காரின் கடிகாரம்.

கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பித்தளை விளிம்பை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். முள் நின்றிருந்தது. பின்னால் இருந்த சாவியைத் திருகினேன்.

ஓடியது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தகரம் அடைத்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியில அது வேணாம், ரத்தினம்" என்றார்.

துணியை மறுபடி சுற்றினேன். சத்தம் கேட்காத அளவுக்கு இறுக்கிச் சுற்றி, ஸ்பேனர்களுக்கு அடியில் தள்ளிப் பெட்டியை மூடினேன்.

கிரீஸ் அப்படியே இருந்தது. பிடித்துக்கொண்டு ஏறி, மறுபடியும் படுத்தேன்.

"தலைக்குக் கொஞ்சம் பஞ்சு வைங்க" என்றேன்.