கிழக்குப் பக்கத்துப் பனி

தாய்நாட்டுக்காக ஒரு வீரன் எதையும் கொடுப்பான்.

மருத்துவ வாரியத்தின் வாசலில் பொன்னிற எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஹவில்தார் குடலைக் கொடுத்திருந்தார். அது ஓய்வூதியக் கணக்கில் வராது என்று முதல் வாரியம் சொல்லிவிட்டது. நோய்க்குக் காரணம் ராணுவப் பணி அல்ல, உணவுப் பழக்கம்.

இருபத்திரண்டு வருடத்து வயிற்றுப்போக்கு. மேல்முறையீடு இன்று.

கழிப்பறைக்குப் பக்கத்து பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வக்கீல் குனிந்தார். "பனிமலையில கெட்ட தண்ணி குடிச்சோம்னு மட்டும் சொல்லுங்க ஹவில்தார் சார். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மறுபக்கம் இசக்கிராஜின் மனைவி. அதே முகாமில் பனிச்சரிவில் போனவனின் மனைவி. சாட்சிக்காக, பனியை உருக்கித்தான் குடிக்கிறோம் என்று அவன் எழுதிய கடைசிக் கடிதத்தோடு பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தாள்.

ஃபிளாஸ்க்கைத் திறந்து நீட்டினாள்.

"வெந்நிதாண்ணே. குடிங்க."

முகாமில் சமையலுக்குக் கிழக்குப் பக்கத்துப் பனி. மற்றதற்கு மேற்கு. கிழக்கில் எச்சில்கூடத் துப்பக் கூடாது.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கிழக்கே பனி வெட்டியது அவர்தான்.

ஜனவரியில் காணாமல் போன இசக்கிராஜை மலையெங்கும் தேடினார்கள்.

மே மாதம் பனி இறங்கியது. அவர் வெட்டிய குழியின் அடியில் முதலில் ஒரு பூட்ஸ் தெரிந்தது.

உடல் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்டதாக அறிக்கை போனது. அறிக்கைகளுக்கு எப்போதும் நல்ல ரசனை உண்டு.

கூப்பிட்டார்கள். மூவரும் உள்ளே போனார்கள்.

மூன்று அதிகாரிகள். மூடி போட்ட மூன்று கண்ணாடி டம்ளர்கள்.

"அந்தத் தண்ணியில என்ன கெடுதல் இருந்தது?" தலைவர் கேட்டார்.

வக்கீல் தலையை ஆட்டி ஊக்கப்படுத்தினார்.

அவள் கடிதத்தைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விறைப்பாக நின்றார்.

"ஒண்ணுமில்ல சார். நல்ல தண்ணிதான்."

வக்கீல் ஃபைலை மூடினார். தலைவர் எழுதினார். உணவுப் பழக்கம்.

வராந்தாவில் அவள் பின்னாலேயே வந்தாள். "ஏண்ணே அப்படிச் சொன்னிய? கைக்கு வந்தத விட்டுட்டியளே."

அவர் கழிப்பறைப் பக்கம் நடந்தார்.

அந்த வருடம் முகாமில் டீ நன்றாக இருந்தது.

தினமும் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தவர் அவர் ஒருவர்தான்.