இரண்டு தடவையும் பி

“மறுபடியும் பி பாசிட்டிவ்தான் வருது,” என்றார் டாக்டர் சபீனா.

கிருஷ்ணப்பிரியா வெடித்தாள். “வேற யாரோ ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டுப் பேசுறீங்க. என் வீட்டுக்காரர் ஏ பாசிட்டிவ். லைசென்ஸ்லயே போட்டிருக்கு!”

“இந்தத் தடவை நானே எடுத்தேன்மா. தப்பான ரத்தம் ஏத்தினா உயிர் போயிடும். எல்லாருக்கும் பொருந்துற ஓ குரூப்பும் தீர்ந்துபோச்சு. இந்தக் குழப்பம் தீராம ஆபரேஷன் ஆரம்பிக்க முடியாது.”

வேலப்பன்சாவடி அருகே லாரி மோதி, உள்ளே நினைவின்றிக் கிடந்தான் ஜெகதீஷ். அவன் அம்மா சாவித்திரி சுவரோரம் அழுதுகொண்டிருந்தாள்.

“ரத்த குரூப் மாறுமா டாக்டர்?” என்றாள் கிருஷ்ணப்பிரியா.

“தானா மாறாதும்மா. ரத்த அணுக்களை உண்டாக்குறது எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜை செல்கள். அந்த செல்களையே மாத்தினாத்தான் குரூப் மாறும்.”

சாவித்திரியின் அழுகை சட்டென்று நின்றது.

“மாத்திக்கீதும்மா! சின்ன வயசுல அவனுக்கு ரத்தப் புத்துநோய். அவங்கக்கா கனிமொழிதான் மஜ்ஜை குட்த்தா.”

கிருஷ்ணப்பிரியா திரும்பினாள். “அத்தே... கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே!”

“சொன்னா பொண்ணு குடுப்பாங்களா? அதுக்கும் குரூப்புக்கும் சம்பந்தம் கீதுன்னு எனுக்கு இன்னாம்மா தெரியும்? பொறந்தப்ப சொன்ன ஏ குரூப்பத்தான் லைசென்ஸுக்கும் எழுதிக் குட்த்தோம்.”

“கனிமொழி என்ன குரூப்?” என்றார் டாக்டர்.

“பி பாசிட்டிவ்.”

டாக்டர் நர்ஸிடம் திரும்பினார். “நோயோட பழைய செல்கள் போயிடுச்சு. இப்ப இவருக்கு ரத்தம் ஊறுறது அக்காவோட செல்கள்லேர்ந்து. பொருத்தம் பார்த்து பி பாசிட்டிவையே ஏத்துங்க.”