மூடின தொட்டி

பழச்சாறு ஆலையின் கழிவைத் தொட்டியில் புளிக்கவைத்து எரிவாயு எடுப்பது என் கணவரின் வேலை.

வாசலிலேயே மறிப்பேன். "குளிக்காம உள்ள வராதீங்க. குடலைப் புரட்டுது."

"மூடின தொட்டிம்மா. நாத்தமே வராது."

"உங்களுக்குப் பழகிப்போச்சு!"

கொல்லைக் குழாயடிக்குப் போவார். ஒன்பது வருஷம் அப்படித்தான். காய்ச்சல் வந்த நாட்களிலும் நான் விட்டதில்லை.

அவர் இறந்த அன்று ஒரு பெண் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளில் முகம் புதைத்து வெகுநேரம் அழுத பிறகுதான், "யாரும்மா நீ?" என்று கேட்டேன்.

"அண்ணன்கூட அதே தொட்டியில வேலை பாக்குறேங்க்கா. சேதி கேட்டதும் ஷிப்ட்லேர்ந்து அப்படியே வந்துட்டேன். கைகூடக் கழுவல."

மறுபடி அவள் தோளில் முகம் பதித்து மூச்சை இழுத்தேன். வெறும் வியர்வை வாசம்தான்.

அவரைக் கிடத்தியிருந்த பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.