கடைசி மடிப்பு

தாள் பறந்துவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருக்கிறாள், பழைய புத்தகங்களைப் பழுது பார்ப்பவள். ஆங்கிலேயர்கள் கப்பலேறிப் புது நாடு தேடிப் போன கதையைச் சொல்லும் அரிய புத்தகம் மேசையில் கிடக்கிறது. நடுவே, மடித்துத் தைத்த ஒரு நீளப் படம். திறந்த மடிப்புகளில் கடற்கரை, பழக்கூடை ஏந்திய சனங்கள், அப்பன் தோளில் ஏறிக் கையாட்டும் குழந்தை. கடைசி மடிப்பு ஒட்டிப்போனதால், இதுவரை அதை யாரும் பார்த்ததில்லை. நூலக அதிகாரி காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார். “சீக்கிரம்மா. கண்காட்சி அழைப்பிதழ்ல இதைத்தான் போட்டிருக்கோம், ‘அன்பான வரவேற்பு’ன்னு.” “இழுத்தா கிழிஞ்சிடும் சார், பொறுங்க.” ஈரத்தில் ஊறிய மடிப்புக்குள் மெல்லிய தகட்டை நுழைக்கிறாள். காகிதம் முனகிக்கொண்டே விடுகிறது. வெளியே மேகம் கவிந்து, சன்னல் வெளிச்சம் மேசையைவிட்டு இறங்குகிறது. முதலில் வெறும் கடல். பிறகு கப்பலின் பக்கவாட்டு. அதில் கரையைப் பார்த்து வரிசையாகத் திறந்திருக்கும் பீரங்கி வாய்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் கொளுத்திய திரியோடு ஒரு கை. “மூடிடும்மா,” என்கிறார் அதிகாரி, குரல் உள்ளே போய். அவள் விரல் அசைய மறுக்கிறது. கரையில் குழந்தை இன்னும் கையாட்டிக்கொண்டிருக்கிறது.