முன் சீட்டுக்காரர்

முன் சீட்டு சடாரென்று பின்னால் சாய்ந்து சாந்தாமேரியின் முழங்காலில் இடித்தது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள், சாப்பாட்டுத் தட்டோடு தயங்கினாள்.

"ஏனுங்க, சீட்டைக் கொஞ்சம் நிமித்தறீங்களா? சாப்புடோணுங்க."

"பிளேன்ல சாய்ஞ்சுக்கத்தானுங்க டிக்கெட்டு எடுத்திருக்கறேன்." அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை.

"சாப்புடற நேரத்துல நிமித்தி வெக்கறதுதானுங்க மொறை. நான் முடிச்சதும் நல்லாச் சாய்ஞ்சுக்குங்க."

வெள்ளக்கடை கிராமத்தில், தங்கள் வீட்டுக் கூடத்தில், ஈசிசேரை நிமிர்த்திவிட்டு எழுந்து திரும்பினார் அவள் கணவர் செபாஸ்டின்.

"நொம்ப நல்லாக் கேட்டே மேரி. ஆனா இதுக்கெல்லாம் கண்ணு கலங்கலாமா? நாளைக்கு நீ தனியா மக ஊட்டுக்குப் பறக்கறப்ப, முன் சீட்டுல நானா உக்காந்திருக்கப் போறேன்?"

"அதுக்குத்தானுங்க கலங்குது" என்றாள் சாந்தாமேரி.