காணாமல் போன பிப்ரவரி

யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய ஒரு கணினி நிரல்மொழியில், தேதிகளைக் கணக்கிடும் பகுதியை ஜெசிந்தாதான் கவனித்துவந்தாள். அதில் தப்பு இருக்கிறது என்று அவள் கணவன் அருளப்பன் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா வீட்டில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிரித்தபடி சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை.

வியாழக்கிழமை காலை அந்த மொழியின் பிழைப் பட்டியலில் புதிதாக ஒன்று வந்திருந்தது.

'மதிப்பிற்குரிய பராமரிப்பாளருக்கு, ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 3 வருகிறது. பிப்ரவரி முழுதாகக் காணாமல் போகிறது. தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பார்க்க வேண்டுகிறேன். அருளப்பன், தூத்துக்குடி.'

அவன் அடுத்த அறையில்தான் இருந்தான்.

'மேலும் விவரம் தேவை' என்று பதில் போட்டாள். எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, எந்த வரியில் பிசகுகிறது என்று ஐந்தே நிமிடத்தில் பணிவாக எழுதி அனுப்பினான். ஜெசிந்தா செய்து பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். அதில் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. மதியச் சோற்றை மறந்து உட்கார்ந்து திருத்தினாள். திருத்தத்தோடு சேர்க்கும் குறிப்பில், 'சுட்டிக்காட்டிய அருளப்பனுக்கு நன்றி' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள்.

திருத்தத்தைச் சரிபார்க்கும் யாழ்ப்பாணத்துச் சிவநேசன் போனில் வந்தார். "இவ்வளவு வடிவா ஒருத்தரும் பிழை எழுதி அனுப்பினதில்லை, தங்கச்சி. ஆளை உங்களுக்குத் தெரியுமோ?"

"பதினோரு வருஷமா தெரியும்ணே," என்றாள் ஜெசிந்தா, அடுத்த அறைக்கும் கேட்கிற மாதிரி. "இவ்வளவு மரியாதையா பேசுவாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."